டெல்லா வின்ட்ரோவின் நான்கு பக்கங்கள்

நவம்பர் 4

வயிரவன் சார் இன்று எனக்கு ஒரு நடிகையைக் கொடுத்தார். இதுவரை பிறர் எழுதியதற்கு புரூஃப் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு எங்கள் பதிப்பகத்தின் திரைக்கலைஞர் வரிசையில் ஆறு புத்தகங்கள் வர வேண்டுமாம். ஐந்துக்கு ஆள் இருக்கிறது, ஆறாவதை நீ எழுது என்றார். அலுவலகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவள் நான் ஒருத்திதான். நடிகையின் பெயர் டெல்லா வின்ட்ரோ, ஹாலிவுட். நான் கேள்விப்பட்டதில்லை. சார் அவளுடைய ஒரு படம் பார்த்திருக்கிறார், அதிலும் பாதிக்கு மேல் தூங்கிவிட்டாராம்.

தொண்ணூற்றாறு பக்கம். ஒரு ஃபாரம் என்றால் பதினாறு பக்கம், ஆக ஆறு ஃபாரம் என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். தெரியும் சார் என்றேன். எப்படித் தெரியும் என்றார். எங்கேயோ படித்தேன் என்றேன்.

நவம்பர் 9

நூலகத்தில் இரண்டு பழைய ஆங்கிலப் புத்தகங்கள் கிடைத்தன. மீதி இணையத்தில்.

டெல்லாவின் உண்மைப் பெயர் டொரோட்டா. பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அப்பா சுரங்கத்துக்குள் இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அம்மா ஊரார் துணியைத் துவைத்து அவளை வளர்த்தாள். பதினெட்டு வயதில் டொரோட்டா பஸ் ஏறி லாஸ் ஏஞ்சல்ஸ் போனாள். ஸ்டுடியோக்காரர்கள் முதல் வேலையாக அவளுடைய கடைவாய்ப் பற்கள் நான்கைப் பிடுங்கினார்கள், கன்னம் ஒடுங்கித் தெரிவதற்காக. முன்நெற்றி முடியை ஒரு விரல் அகலம் எடுத்தார்கள். பெயரை மாற்றினார்கள். பிறகு ஆறு மாதம் ஒரு ஆசிரியை தினமும் வந்து, அவள் ஊர்ப் பேச்சு மிச்சமில்லாமல் துடைத்தெடுத்தாள். கடைசியாக விளம்பரப் பிரிவு அவளுக்கு ஒரு வரலாறு எழுதியது. டெல்லா வின்ட்ரோ ஒரு பிரெஞ்சு இசைக்கலைஞரின் மகள், பெற்றோர் இருவரும் உயிருடன் இல்லை.

அம்மா உயிருடன்தான் இருந்தாள். அதே ஊரில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா அக்கா (எங்கள் புத்தகங்களின் லேஅவுட் எல்லாம் அவர்தான்) இன்று மதியம், "நீ எந்த ஊர்னே கண்டுபிடிக்க முடியலடி. நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுற," என்றார். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 17

ஞாயிறு. விடுதியில் தண்ணீர் வரவில்லை. இரண்டு குடம் தூக்கி வந்தேன்.

அம்மா ஃபோன் செய்தாள். சிவகாசியில் இப்போது காலண்டர் வேலையும் டைரி வேலையும் சேர்ந்து குவிகிற நேரம். அவள் வேலை செய்யும் பைண்டிங் ஆபீஸில் ஒரு நாளைக்கு ஆளுக்கு மூவாயிரம் ஃபாரம் மடிக்கிறார்களாம். பெருவிரல் நகம் வெடித்துவிட்டது என்றாள். புத்தகம் எழுதுகிறேன் என்று சொன்னேன். யாரைப் பற்றி என்று கேட்டாள். ஒரு அமெரிக்க நடிகை, அவளுக்கும் அப்பா கிடையாது என்றேன். "அப்பன்னா அவ ஆத்தாளப் பத்தி நல்லா எழுது," என்றாள்.

நவம்பர் 30

டெல்லா நடித்தவை இருபத்திரண்டு படங்கள். ஒன்பதைப் பார்த்துவிட்டேன். ஆறில் இறந்துபோகிறாள். ஒன்றில் கப்பல் மேல்தளத்தில், ஒன்றில் இன்னொருத்தியின் கல்யாணத்தன்று, ஒன்றில் வெறும் சளிக்காய்ச்சலில். அவள் அழகி என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேறொன்று தெரிந்தது. பொய் சொல்லும் காட்சிகளில் அவள் எதிரே இருப்பவரைப் பார்ப்பதில்லை, தரையையும் பார்ப்பதில்லை. கதவைப் பார்க்கிறாள். யாராவது வந்துவிடுவார்களோ என்பதுபோல. இதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. என் புத்தகத்தில் எழுதினேன். நானே கண்டுபிடித்த முதல் விஷயம்.

டிசம்பர் 12

முடித்துவிட்டேன். நடுவில் ஒரு பள்ளம் மட்டும் நிரம்பவில்லை. 1949இல் அவளுக்குப் பெரிய விருது கிடைத்தது. அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒரு படமும் இல்லை. அப்புறம் சின்ன வேடங்கள், இரண்டு விவாகரத்து, தொலைக்காட்சித் தொடர்களில் யாருக்காவது மாமியார், 1986இல் மரணம். அந்த மூன்று வருடம் பற்றி நான் பார்த்த எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: ஓய்வில் இருந்தார், தாய் உடன் வசித்தார். நானும் அதையே எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டேன்.

டிசம்பர் 18

லேஅவுட் முடிந்து தொண்ணூற்றிரண்டு பக்கம் வந்திருக்கிறது. நான்கு குறைகிறது. எழுத்தைப் பெரிதாக்கலாமா என்று கேட்டேன். "ஏற்கெனவே தாத்தா பாட்டி படிக்கிற சைஸ்லதான் இருக்கு," என்றார் ஜெசிந்தா அக்கா. பின்பக்கம் நம் மற்ற புத்தகங்களின் விளம்பரம் போடலாம் என்றேன். போன வருடம் அப்படிப் போட்டதற்கு ஒரு வாசகர் அந்தப் பக்கங்களைக் கிழித்து வயிரவன் சாருக்கே தபாலில் அனுப்பினாராம்.

சார் என் கையெழுத்துப் பிரதியைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

"ஏம்மா கனி, தாய் உடன் வசித்தார்னு ஒரு வரி எழுதியிருக்க. செத்துட்டதா ஊருக்கெல்லாம் சொன்ன அம்மா, இப்ப வீட்டுல இருக்காங்க. ஒரு வரியில முடிக்கிற விஷயமா அது? நாளைக்குக் காலையில நாலு பக்கம் குடு."

டிசம்பர் 19

கொடுத்துவிட்டேன். எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஸ்டுடியோ முதலாளியின் மனைவி டெல்லாவின் வீட்டுக்குத் தேநீருக்கு வருகிறாள். தட்டை ஏந்திக்கொண்டு டெல்லாவின் அம்மா வருகிறாள். இவர் யார் என்று விருந்தாளி கேட்கிறாள். 'சமையலுக்கு இருக்கிறவர்' என்கிறாள் டெல்லா. அம்மா மகளைப் பார்த்துச் சிரிக்கிறாள், தட்டை வைத்துவிட்டு சமையலறைக்குள் போகிறாள். அந்தச் சிரிப்பைத்தான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஜெசிந்தா அக்கா கணினியில் பக்கம் கோக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். ஒரு பழைய பேட்டியில் என்றேன். சொல்லும்போது நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது ஃபாரத்தின் கடைசியில், 61 முதல் 64 வரை, சரியாக உட்கார்ந்துவிட்டது.

டிசம்பர் 21

துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 5

புத்தகம் வந்தது. அட்டையில் டெல்லாவின் ஒடுங்கிய கன்னம். கீழே 'மா. கனி'. அம்மாவுக்கு அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவளால் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியும். உடனே கூப்பிட்டாள். "மாரிய எங்கடி விட்ட?" என்றாள். மாரிக்கனி என்பது அட்டைக்கு நீளமாக இருந்தது என்றேன். ஒரு புத்தகம் அனுப்பச் சொன்னாள். அனுப்புகிறேன் என்றேன்.

ஜனவரி 11

கண்காட்சியில் எங்கள் அரங்கில் நின்றேன். அறுபது வயது இருக்கும், ஒரு அம்மா 61ஆம் பக்கத்தை விரித்து என்னிடம் நீட்டி, இதை எழுதியவர் யார் என்று கேட்டார். ஜெசிந்தா அக்கா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் கனடாவில் இருக்கிறாளாம். மூன்று பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

அவர் பிடித்த கையை அதன்பிறகு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்று பில் போட்டதில் இரண்டு தவறு.

ஜனவரி 15

பொங்கல். கண்காட்சி வேலை இருப்பதால் ஊருக்கு வர முடியாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வேலை இருந்தது உண்மை. விடுப்பு வேண்டுமா என்று சார் கேட்டதும், வேண்டாம் என்று நான் சொன்னதும் உண்மை.

அம்மா புத்தகம் கேட்டாள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை என்றேன்.

ஜனவரி 22

ஒரு வார இதழ் அந்த நான்கு பக்கத்தை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறது. வயிரவன் சார் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் பதிப்பு பிப்ரவரியில். "மத்த பக்கமெல்லாம் யாரு வேணா எழுதலாம்மா. அந்த நாலு பக்கம் நீ எழுதுனது," என்றார்.

சமோசாவைப் பையில் வைத்துக்கொண்டேன். விடுதிக்கு வந்து பார்த்தால் எண்ணெய் புத்தகத்தில் இறங்கியிருந்தது.

ஜனவரி 27

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கடிதம், பதிப்பகத்தின் முகவரியில் என் பெயருக்கு. சாலமன் பாக்கியநாதன் என்பவர், ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மணிமணியான கையெழுத்து. அப்படியே எழுதி வைக்கிறேன்.

'அன்புள்ள ஆசிரியருக்கு, தங்கள் நூலை இரண்டு முறை வாசித்தேன். பொய் சொல்லும்போது டெல்லா கதவைப் பார்ப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐம்பது ஆண்டுகளாக அவர் படங்களைப் பார்க்கும் எனக்கு இது தோன்றவே இல்லை. நன்றி. ஆனால் 61ஆம் பக்கத்துக்கான ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் அறிந்தது இதற்கு நேர்மாறானது. 1949இல் விருது விருந்துக்கு டெல்லா தன் தாயைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். பத்திரிகைக்காரர்கள் யார் என்று கேட்டபோது, "என் அம்மா. ஊரார் துணி துவைத்து என்னை வளர்த்தவர்" என்றார். இறந்ததாக அறிவிக்கப்பட்ட தாய். ஸ்டுடியோவின் பொய் அன்று உடைந்தது. மூன்று ஆண்டுகள் அவருக்குப் படம் தராமல் உட்கார வைத்தார்கள். தாங்கள் ஓய்வு என்று குறிப்பிட்டிருப்பது அதைத்தான். என்னிடமுள்ள பழைய சினிமாப் பத்திரிகையின் செய்தியையும் படத்தையும் நகலெடுத்து இணைத்திருக்கிறேன். தங்களிடம் வேறு ஆதாரம் இருந்தால் தெரிவிக்கவும். என் தகவல் தவறாக இருந்தால் திருத்திக்கொள்வேன்.'

அவர் திருத்திக்கொள்வாராம்.

படத்தில் டெல்லா கழுத்து நிறைய வைரத்தோடு நிற்கிறாள். பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய, குள்ளமான ஒரு பெண். டெல்லா கதவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கிறாள்.

ஜனவரி 28

கடிதம் என் பையில் இருக்கிறது. சாரிடம் காட்டவில்லை.

ஜனவரி 30

காட்டவில்லை. இரண்டாம் பதிப்புக்கான புரூஃபை இன்று என் மேஜையில் வைத்தார்கள். 60ஆம் பக்கம் வரை திருத்தினேன்.

பிப்ரவரி 1

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அம்மா கூப்பிட்டாள். பின்னால் பைண்டிங் ஆபீஸ் சத்தம் கேட்டது. அவளோடு வேலை செய்யும் பேச்சி என்கிற பெண், வார இதழைக் கொண்டுவந்து எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினாளாம். அம்மா பெயரைச் சொல்லி, சீனியம்மா மகள் எழுதியது என்றதும் மேஸ்திரிகூட வந்து நின்று கேட்டாராம்.

"எல்லாரும் மடிக்கிறத நிப்பாட்டிட்டுக் கேட்டாக. ரெண்டு பேரு அழுதாக," என்றாள்.

"நீ?"

"நான் மடிச்சுக்கிட்டே இருந்தேன்."

வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அந்தப் பொம்பள மகளப் பாத்துச் சிரிச்சுட்டு அடுப்படிக்குப் போனான்னு எழுதியிருக்கியாமே."

"ஆமாம்மா."

"சிரிக்கல, கனி."

அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். டிபன் பாக்ஸை அப்போதுதான் திறந்திருந்தேன்.

பிப்ரவரி 2

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. இதில்கூட எழுதாமல் எத்தனை நாள் தள்ளுவது?

இரண்டு வருடத்துக்கு முன்னால், மதுரையில், எனக்குப் பட்டமளிப்பு விழா. நான் கல்லூரியில் சேரும்போது, முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்க அம்மா மூன்று நாள் வேலையை விட்டு தாலுகா ஆபீஸில் நின்றவள். விழாவுக்கு அதிகாலை பஸ் ஏறி வந்திருந்தாள். விரலில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. விழா முடிந்து வெளியே வரும்போது என் வகுப்புத் தோழி நிவேதாவின் பெற்றோர் எதிரே வந்தார்கள். இருவரும் டாக்டர்கள். எல்லோருமாகச் சாப்பிடப் போகலாம், நீயும் வா என்றார்கள். நிவேதாவின் அம்மா, பக்கத்தில் நின்ற என் அம்மாவைப் பார்த்து, இவங்க யாரு என்று என்னைக் கேட்டார்.

எங்க தெருக்காரங்க, துணைக்கு வந்தாங்க என்றேன்.

ஒரு முழ தூரத்தில்தான் அம்மா நின்றாள். "அப்ப நான் கெளம்புறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று அந்த டாக்டர் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. போய்விட்டாள். நான் அவர்களோடு காரில் போனேன். ஓட்டலில் கடைசியாக ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். அதையும் சாப்பிட்டேன்.

போகும்போது அம்மா சிரித்தாள் என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். சிரித்திருந்தால் அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. நான்தான் அந்தச் சிரிப்பை அவள் முகத்தில் வைத்தேன். பிறகு அதைக் கொண்டுபோய் எங்கேயோ செத்துப்போன ஒரு துணி துவைக்கும் பெண்ணின் முகத்திலும் வைத்தேன். நான் செய்ததை டெல்லாவின் மேல் போட்டேன். அவள் அதைச் செய்யாமல் இருந்ததற்காக மூன்று வருடம் வேலை இல்லாமல் உட்கார்ந்தவள்.

பிப்ரவரி 3

கடிதத்தை வயிரவன் சார் மேஜையில் வைத்தேன். வாசித்தார். உன் பேட்டி எங்கே என்று கேட்டார். பேட்டி இல்லை சார், நானே எழுதியது என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த நாலு பக்கத்துக்காகத்தான் புத்தகமே போகுது. அந்தம்மா செத்து நாப்பது வருஷம் ஆகப்போகுது. யாரும்மா வந்து கேக்கப்போறா?"

வழக்கமாக இந்த இடத்தில் சரி சார் என்று என் இடத்துக்குப் போய்விடுவேன். போகவில்லை. அப்படியே நின்றேன். அவர் இரண்டு ஃபோன் பேசினார், ஒரு காசோலையில் கையெழுத்துப் போட்டார், டீ குடித்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நாலாவது ஃபாரத்துக்கு மட்டும் புது பிளேட் போடணும். சனிக்கிழமைக்குள்ள நாலு பக்கம் வேணும், ஒரு வரி கூடவோ குறையவோ கூடாது," என்றார். புத்தகத்தில் இனி உன் பெயர் இருக்குமா என்று யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

ஜெசிந்தா அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நான் அழுதது யாருக்குடி?" என்றார். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அதைக் கேட்கவே இல்லை.

பிப்ரவரி 5

அம்மாவிடம் பேசினேன். அந்தக் கதை பொய், எடுக்கப்போகிறோம் என்றேன். அந்த இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நான் உனக்குச் செய்ததை என் பெயர் உன் பெயர் போட்டு எழுதுகிறேன் என்றேன். அழுதுவிடுவாள், மன்னித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"அந்தம்மா மேல போட்ட பொய்ய எடு. எடுத்த எடத்துல என்னையக் கொண்டுபோய் வைக்காத. எனக்கு அந்த நாளு ஒரு தடவ போதும்."

"அப்ப நான் என்னம்மா செய்ய?"

"உன் வேலையப் பாரு."

பிப்ரவரி 6

பேராசிரியருக்குப் பதில் எழுதினேன். ஆதாரம் இல்லை, நான் கற்பனையாக எழுதினேன், உங்கள் தகவல்தான் சரி. மூன்று வரி. நான்காவதாக ஒரு காரணம் எழுதி, அடித்துவிட்டு, வேறு தாளில் மூன்று வரியை மட்டும் எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 7

விற்காமல் இருக்கும் முதல் பதிப்புப் பிரதிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் 61ஆம் பக்கத்தின் மேல் திருத்தச் சீட்டு ஒட்டினேன். 'இப்பக்கம் முதல் 64 வரை உள்ள நிகழ்ச்சி நடந்ததல்ல. தவறு ஆசிரியருடையது.' ஜெசிந்தா அக்கா உதவிக்கு வந்தார். வேண்டாம் என்றேன். சாயங்காலம் ஆகிவிட்டது. பசை விரலில் காய்ந்தால் தோலோடு இழுக்கிறது. கழுவினாலும் சீக்கிரத்தில் போவதில்லை.

பிப்ரவரி 8

புதிய நான்கு பக்கத்தை எழுதி முடித்தேன். மூன்று நாள் ஆயிற்று. ஒரு மகள் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு பேர் நடுவே நடந்து போகிறாள். அவ்வளவுதான் விஷயம். அதை எழுத எனக்குத் தகுதியில்லை என்று ஒவ்வொரு வரியிலும் தோன்றியது. பதினோரு முறை அடித்து எழுதினேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தலையில துண்டோடவா கூட்டிட்டுப் போனா?" என்றாள்.

ஆமாம் என்றேன். சின்னப் பூப் போட்ட துண்டு. பழைய கோட்டு, அதில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. அதெல்லாம் படத்தில் தெரிகிறது, அதையும் எழுதியிருக்கிறேன் என்றேன்.

"அதனால அவளுக்கு வேல போயிருச்சாக்கும்?"

"மூணு வருசம்."

"ம்," என்றாள்.

யாரோ ஒரு அமெரிக்கக்காரியின் கோட்டுப் பொத்தான் வரைக்கும் எனக்குத் தெரிகிறது. மதுரையில் அன்று அம்மா என்ன சேலை கட்டியிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். கையில் இருந்த பசை நினைவிருக்கிறது. அந்தக் கையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பதறியதும் நினைவிருக்கிறது. சேலை நினைவில்லை. நான் பார்க்கவே இல்லை.

"அம்மா, அன்னைக்கு நீ என்ன சேல கட்டியிருந்த?"

"எதுக்கு? அதையும் எழுதவா?"

"இல்லம்மா. எழுதல."

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு மறுபடி ஃபோனுக்கு வந்தாள்.

"வந்தா பாரு. பெட்டிக்குள்ளதான் கெடக்கு. அதுக்குப் பெறகு நான் அதக் கட்டல."